சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால்

லாரி ஸ்டியரிங்கைப் பிடித்து நான் நாள் கணக்கில் சுற்றியிருக்கிறேன். லாரி ஒரு அடிகூட நகர்ந்ததில்லை.

உலகச் சண்டைக் காலம். தென்காசியில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் கிணற்றை ஒட்டி அந்த லாரி நின்றது. முன் அச்சுக்கு அடியில் பனந்துண்டு முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியைக் கழற்றிவிட்டதால் ஸ்டியரிங் மட்டும் தனியாகச் சுற்றும். நான் டிரைவர் சீட்டில், கால் கீழே எட்டாமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து வலது பக்கம் ஒடிப்பேன். பிறகு இடது பக்கம் ஒடிப்பேன். மறுபடியும் வலது.

குற்றாலத்தில் சீசன். சாரல் எங்கள் முற்றம் வரைக்கும் வந்து முன்கண்ணாடியில் பொடிப்பொடியாக விழும். சீட்டுக்குள்ளிருந்து தேங்காய் நார் வெளியே வந்து தொடையில் குத்தும். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் இருக்கச் சுற்றிலும் ஓலைத் தட்டி கட்டியிருந்தார்கள். அது எனக்காகக் கட்டியது.

போன வாரம் நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த கதையை எழுதினேன். நாலாம் வகுப்போடு நின்றவள், ஆள் முகம் பார்த்துப் பேசத் தெரியாதவள், எப்படி லாரியில் ஏறி உட்கார்ந்தாள் என்று இந்த வாரம் சொல்கிறேன்.

எஸ்டேட் லாரி

லாரி என் வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஓடிக் களைத்த வண்டி. புது லாரி வந்ததும் அவர்கள் இதைத் தள்ளிவிட்டார்கள், இவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பின்னால் ஒரு பெரிய டிரம் வைத்துக் கரி போட்டு, அந்தப் புகையில் இன்ஜினை ஓட்டினார்கள். வீட்டில் எந்தத் துணியை மோந்தாலும் கரி வாடைதான்.

ஓட்டுவது என் வீட்டுக்காரர். கழற்றி மாட்டுவது அண்ணன். அவரை இங்கே பெரியவர் என்றே எழுதுகிறேன். பெயரைச் சொல்ல இப்போதும் வாய் வராது.

ஆலங்குளத்து வெங்காயம், மிளகாய் வத்தல் எல்லாம் ஏற்றிக்கொண்டு, செங்கோட்டைச் சுங்கச் சாவடியைத் தாண்டி, மலை ஏறி, ஆரியங்காவு வழியாகப் புனலூர் போவார்கள். இரண்டு குடும்பமும் அந்த ஒரு லாரியை நம்பித்தான் உலை வைத்தது.

இந்த லாரி பற்றிச் சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. பொங்கலுக்கு அதற்கும் மாட்டுக்குப் பூசுகிற மாதிரியே காவி அடித்து மாலை போடுவார்கள். முதல் வருஷம் என் ஓரகத்தி, பெரியவரின் சம்சாரம் சண்முகத்தாயக்கா ஒரு வாழைப்பழத்தை உரித்து அதன் முன்னால் நீட்டிவிட்டு, "திங்க மாட்டேங்குடி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்படிப்பட்டவள்.

பேசாத வழக்கம்

எங்கள் பக்கத்தில் அப்போது வீட்டுக்காரரின் அண்ணனோடு நேரே பேசக் கூடாது. அவர் வந்தால் எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். நான் இயற்கையிலேயே கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆள் என்பதால் எனக்கு இது கஷ்டமாகப் படவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அக்காதான் நடுவில்.

"உள்ள இருக்கவகிட்ட மோர் இருக்கான்னு கேளு" என்பார் பெரியவர், நான் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கும்போதே.

"ஏட்டி, மோர் இருக்கா?" என்பாள் அக்கா.

"இருக்குக்கா."

"இருக்காம்" என்று அவரிடம் சொல்வாள். பிறகு, "காது ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் தொண்டை வலிக்கு" என்று முணுமுணுப்பாள்.

வண்டி மை

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு நாள் மலையில் இறங்கும்போது, வளைவில் என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறார். ஸ்டியரிங் திரும்பியது, லாரி திரும்பவில்லை. கொஞ்சம் சும்மா சுற்றிய பிறகுதான் சக்கரம் கேட்டது. அதற்குள் ஒரு தேக்கு மரத்தில் போய் இடித்து நின்றது. மரம் இல்லையென்றால் கீழே பள்ளம். இவருக்கு முழங்காலில் காயம். அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் இருந்தது.

லாரியை மெதுவாக வீடு கொண்டுவந்து சேர்த்து, பெரியவர் ஸ்டியரிங் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே திருகாணி மாதிரி மரை ஓடுகிற ஒரு இரும்புத் தண்டு. அதன் மேல் பல் பொருந்தி உட்கார்கிற ஒரு வெண்கலப் பல்சக்கரம். அவ்வளவுதான். தண்டு திரும்பினால் பல்சக்கரம் திரும்பும், அது ஒரு இரும்புக் கையை இழுக்கும், அந்தக் கை கம்பி வழியாக முன்சக்கரத்தைத் திருப்பும்.

பெரியவர் விரலால் உள்ளே வழித்து, கட்டைவிரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏலே, இதுக்குள்ள என்னத்தப் போட்டே?"

"எண்ணெய் எங்கன கெடைக்கு? வண்டி மைதான் போட்டேன். அச்சுக்கு ஆவுது, இதுக்கு ஆவாதா?"

மாட்டு வண்டி அச்சுக்குப் போடுகிற மை என்றால் வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்தது. மர அச்சுக்கு அது அமிர்தம். ஆனால் கரியில் நறநறவென்று ஒரு பொடி இருக்கும். கை கழுவும்போது தெரியும்.

"மாட்டு வண்டி அச்சுக்குப் பல்லு இருக்காலே?" என்றார் பெரியவர். "ஒரு வருசமா பல்பொடி போட்டு வெளக்கியிருக்கே. நடுப் பல்லு பூரா தேஞ்சு போச்சு. பாரு."

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குல்லா" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

புதுச் சாமான் சீமையிலிருந்து வர வேண்டும். சண்டையில் கப்பல் இல்லை. திருநெல்வேலியில் உடைத்துப் போட்ட ஒரு பஸ்ஸின் பெட்டி கிடைத்தது. கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் ஆணித் துளை ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"துளை போட்டு மாட்டிருவோம்ணே" என்றார் இவர்.

"அது என்ன சட்டையா, அண்ணன் தம்பி மாத்திப் போட? இதுக்குன்னு செஞ்ச பெட்டியத்தான் சரி பண்ணணும்" என்று சொல்லிவிட்டார் பெரியவர்.

மெழுகுப் பல்

கீழப்பாவூரில் குத்துவிளக்கு வார்க்கிற ஒரு அண்ணாச்சி இருந்தார். பெரியவர் தேய்ந்த பல்சக்கரத்தை மஞ்சப்பையில் போட்டு அவரிடம் கொண்டுபோனார்.

நேராக ஓட்டும்போது நடுப் பல்தான் வேலை செய்யும். அதனால் நடுவில்தான் தேய்மானம். ஓரத்துப் பற்கள் அதிகம் தேயவில்லை. அந்த ஓரப் பல்லைப் பார்த்து, தேய்ந்த பல் மேல் மெழுகை அப்பி, பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, அதைக் கருவாக வைத்து வார்ப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். வெண்கலம் ஆறும்போது கொஞ்சம் சுருங்குமாம். அதற்காக எல்லாப் பல்லிலும் மெழுகு ஒரு மெல்லிசுப் பூச்சு கூடுதல். முதல் வார்ப்பில் காற்றுக் குமிழ் விழுந்துவிட்டது. உடைத்து உருக்கி மறுபடி வார்த்தார்கள். இரண்டாவது நன்றாக வந்தது.

வீட்டுக்கு வந்தபோது அது விளக்கு மாதிரியே மின்னியது. அக்கா அதைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

பெட்டிக்குள் மாட்டினார்கள். ஸ்டியரிங்கை இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து இழுத்தாலும் முக்கி முக்கித்தான் திரும்பியது. பல்லும் மரையும் இன்னும் ஒன்றோடொன்று பழகவில்லை. அரத்தால் தேய்க்கிற மட்டும் தேய்த்தாயிற்று. அதற்கு மேல் அரம் போனால் பல் கெட்டுவிடும்.

பெரியவர் கொஞ்ச நேரம் வெற்றிலை மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு தம்பியிடம் சொன்னார்: "அந்த வண்டி மைய எடு. கெடுத்ததே சரி பண்ணட்டும்."

அதே மையைப் பெட்டி நிறையப் போட்டார். நறநறப் பொடி பல்லையும் மரையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒன்றுக்கு ஒன்று இணக்கமாக்கிவிடும். ஆனால் யாராவது நாள் முழுவதும் இப்படியும் அப்படியும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லாரி படுத்துவிட்டதால் ஆண்கள் இருவரும் வாடகைக்கு மாட்டுவண்டி பிடித்து விறகு லோடு அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அரைநாள் சுற்றிவிட்டுக் கை கடுக்கிறது என்று இறங்கிவிட்டாள்.

"அவள ஏறிச் சுத்தச் சொல்லு" என்றார் பெரியவர்.

"ஏட்டி, ஏறிச் சுத்து" என்றாள் அக்கா.

ஓலைத் தட்டி கட்டினார்கள். ஏறினேன்.

ஸ்டியரிங் வளையத்தின் உச்சியில் பெரியவர் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்திருந்தார். அதற்குப் பின்னால் இருந்த பலகையில் வலது பக்கம் ஒரு கோடு, இடது பக்கம் ஒரு கோடு. பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, சக்கரம் எந்த மட்டும் ஒடிகிறது என்று பார்த்துப் போட்ட கோடுகள் அவை. பொட்டு அந்தக் கோட்டிலிருந்து இந்தக் கோடு வரைக்கும் போய்வர வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். அப்படித்தான் அக்கா வழியாக எனக்குச் சொல்லிவந்தது.

முதல் நாள் சேற்றில் காலை இழுக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் திருகையில் அரிசி உடைகிற மாதிரி. நாள் போகப் போகத் தயிருக்குள் மத்து திரும்புகிற மாதிரி ஆகிவிட்டது. அப்படியே அக்கா வழியாகப் பெரியவருக்குச் சொல்லியும் அனுப்பினேன். யாரும் பேச வர மாட்டார்கள். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

ஒரு சாண்

ஒரு நாள் காலையில் பெரியவர் சுற்றிப் பார்த்துவிட்டு, போதும் என்றார். மையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, சுத்தமான விளக்கெண்ணெய் ஊற்றி, மூடியை முடுக்கினார். கம்பியை மாட்டினால் வேலை முடிந்தது. மத்தியானம் கிளம்பி ஆலங்குளத்தில் வெங்காயம் ஏற்றி, ராத்திரி செங்கோட்டையில் தங்கி, விடிந்ததும் மலை ஏறுவதாக ஏற்பாடு.

என் வீட்டுக்காரர் கரி வாங்கப் போயிருந்தார். அக்கா அவள் பிறந்த வீட்டுக்காரர்களோடு அருவியில் குளிக்கக் குற்றாலம் போய்விட்டாள். கிணற்றடித் தூணில் ஒரு கருப்புக் கோழி காலில் கயிற்றோடு நின்றது. புதுப் பெட்டியோடு முதல் தடவை மலை ஏறுகிறதே, சக்கரத்துக்கு முன்னால் சுடலைமாடனுக்குக் காவு கொடுக்க இவர் வாங்கிவந்தது.

பெரியவர் கை கழுவிவிட்டுக் கிணற்றடியிலேயே துவைகல்லில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டார். அவர் முதுகு என் பக்கம். சீட்டில் விட்டுவந்த துண்டை எடுக்க நான் சத்தமில்லாமல் லாரியில் ஏறினேன். இனி ஏறப்போவதில்லை என்று கடைசியாக ஒரு தரம் சுற்றினேன். வலது கோடு வரைக்கும் போயிற்று. இடது கோடும் வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று ஒரு நாளும் பார்த்ததில்லையே என்று இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

லேசாகப் போயிற்று. பிறகு சட்டென்று பிடித்தது. திருகைக்குள் கல் மாட்டிய மாதிரி. திருப்பி இழுத்தேன். வரவில்லை. எழுந்து நின்று தொங்கினபிறகு விட்டது.

மறுபடி செய்து பார்த்தேன். அதே இடம். கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

முற்றத்தில் லாரி அந்த மட்டும் ஒடிய வேண்டாம். மலையில் வேண்டாமா? எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் இவர் முழங்கால் தெரியும். வளைவில் இடது பக்கம் ஒடித்து அது அப்படியே நின்றுகொண்டால் எல்லா இடத்திலும் தேக்கு மரம் இருக்காது.

இறங்கிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அக்கா திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் லாரி போய்விடும். இவர் வந்ததும் சொல்லலாம் என்றால், இவர் "மூடினதத் தொறக்கவா" என்று சிரிப்பார். சொன்னால் கேட்கிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான். அவரோடு நான் பேசக் கூடாது.

ஒரு கை நொய்யரிசியை எடுத்துக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்தேன். கோழி முன்னால் போட்டேன்.

கோழி சொன்னது

"ஏ கோழி, அந்தப் பொட்டு இடது பக்கக் கோட்டத் தாண்டினா ஸ்டியரிங்கு பிடிக்கு. கேட்டியா?"

கோழி நொய்யைக் கொத்தியது. பெரியவரின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவர் திரும்பவில்லை.

அவரும் கோழியைப் பார்த்தே கேட்டார்: "கோட்டத் தாண்டி எதுக்குப் போவணும்?"

"மலையில தாண்டாதா?" என்று கோழியிடம் கேட்டேன்.

"எம்புட்டுத் தள்ளிப் பிடிக்கு?"

"ஒரு சாண்."

"லேசாவா, இறுக்கியா?"

"பிடிச்சா திரும்பி வர மாட்டேங்கு."

அவர் எழுந்துவிட்டார். நான் உள்ளே போய்விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சோற்றுக் கையோடு லாரியில் ஏறி இடது பக்கம் ஒடித்தார். பிடித்தது. கீழே இறங்கி இடது முன்சக்கரத்தைப் பார்த்தார், அதை ஒட்டியிருந்த கிணற்றுச் சுவரைப் பார்த்தார். கோடு போட்ட அன்று சக்கரம் சுவரில் முட்டி நின்றிருக்கிறது. அதையே முழு ஒடிப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

"சவத்துக் கெணறு" என்றார்.

மூடியைக் கழற்றினார். கடைசி இரண்டு பல்லில் மெழுகுப் பூச்சு தடித்துப் போய், வார்ப்பு முட்டிக்கொண்டு நின்றது. கோடு வரைக்கும்தான் சுற்றியதால் மையின் தேய்ப்பு அங்கே எட்டவே இல்லை. அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இவர் கரி மூட்டையோடு வந்தார்.

"என்னண்ணே இது, மூடினதத் தொறந்து போட்டிருக்க? வெங்காயக்காரன் காத்துக்கிட்டு இருக்கான்."

"இன்னைக்கு ஏத்தாதே."

"அழுகிறும்ணே."

"அழுகட்டும். இடது பக்கம் பிடிக்கு."

"யாரு சொன்னா?"

"கோழி சொல்லிச்சு."

இவர் கோழியைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். கரியை இறக்கினார்.

பெரியவர் ஈரத் துணியால் இடது கோட்டை அழித்துவிட்டு, தூணைப் பார்த்துச் சொன்னார்: "ஏ கோழி, மறுபடி மை போட்டிருக்கேன். இனிக் கோடு கெடையாது. எம்புட்டுப் போவுமோ அம்புட்டும் சுத்தணும்."

சாயங்காலம் அக்கா ஈரத் தலையோடு வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "ஒரு நாள் நான் இல்லன்னா கோழிய வச்சுப் பேசுதீகளா? அப்ப எனக்கு இந்த வீட்ல என்ன வேலை?"

வெங்காயம் வேறு வண்டியில் போயிற்று. நான் இன்னும் சில நாள் சுற்றினேன்.

கிளம்பிய காலை

லாரிக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இவர் அரிவாளை எடுத்துக்கொண்டு கோழியின் கயிற்றை அவிழ்த்தார்.

"அத விடு" என்றார் பெரியவர்.

"சுடலைக்கு நேர்ந்ததுல்லாண்ணே."

"சுடலைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இத அறுத்துட்டா, நாளைக்கு ஸ்டியரிங்கு பிடிச்சா எனக்கு யாரு சொல்லுவா?"

கோழியை விட்டுவிட்டார்கள். எலுமிச்சம்பழம் நசுங்க லாரி தெருவில் இறங்கியது. பெரியவரும் கூடவே ஏறிப் போனார்.

போனால் திரும்பிவரச் சில நாள் ஆகும். அந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மலைப் பக்கம் கருத்துக் கிடந்தது. நானும் அக்காவும் மிளகாய் காயப்போட்டோம், சாரல் வந்ததும் எடுத்தோம், மறுபடி காயப்போட்டோம். லாரி நின்ற இடத்தில் பனந்துண்டும் எண்ணெய்க் கறையும் இருந்தன.

ஒரு சாயங்காலம் தெருமுனையில் சத்தம் கேட்டது. அந்த இன்ஜின் சத்தம் எங்களுக்குத் தெரியும். அக்கா வாசலுக்கு ஓடினாள். நான் பின்கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். இவர் இறங்கி நொண்டாமல் நேராக நடந்துவந்து தண்ணீர் கேட்டார் என்று அக்கா பேச்சிலிருந்து தெரிந்தது.

பெரியவர் கிணற்றடிக்கு வந்து கைகால் கழுவினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தூண் பக்கம் பார்த்துப் பேசினார்.

"ஆரியங்காவு தாண்டி ஒரு வளைவு. எதுக்க மரம் ஏத்துன வண்டி வந்துது. இடது பக்கம் முழுசா ஒடிச்சான். கோடு இருந்த எடத்தத் தாண்டிப் போச்சு. நல்லாவே தாண்டிப் போச்சு."

"திரும்பி வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சும்மா. மத்து மாதிரி வந்துச்சு."

சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். கோழிக்கு நொய் போடலாமென்று நான் வெளியே எட்டிப் பார்த்தேன். தூணடியில் கோழி இல்லை. அவர் பேச வருவதற்கு முன்னாலேயே அது கூட்டில் அடையப் போயிருந்தது.